வெறும் மேடையில் ஓடும் ஆறு: சீன ஓப்பரா பார்க்க ஒரு தொடக்கப் பாடம்

மேடை முழுக்க வெளிச்சம். நடுவில் ஒரு மேசை. அதன்மேல் ஒருவன் படுத்திருக்கிறான். இன்னொருவன் வாளோடு, காலடி ஓசை கேட்காமல் உள்ளே நுழைகிறான். படுத்திருப்பவன் விழித்துக்கொள்கிறான். இருவரும் ஒரு சாண் இடைவெளியில் நிற்கிறார்கள், ஆனால் ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியவில்லை. கைகள் காற்றைத் துழாவுகின்றன. வாள் மூக்கு நுனியை உரசுவதுபோல் கடந்து போகிறது. முதுகோடு முதுகு பட்டதும் இருவரும் துள்ளி விலகுகிறார்கள்.

பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சில நொடிகளில் விளங்கிவிடும்: அந்த அறை கும்மிருட்டு. ‘முச்சந்தி’ என்று பொருள்படும் பெயர் கொண்ட இந்தப் பீக்கிங் ஓப்பரா நாடகத்தில், ஒரு சத்திரத்து அறையில் இரண்டு நல்லவர்கள் ஒருவரையொருவர் எதிரி என்று நினைத்து இருட்டில் மோதுகிறார்கள். அதற்காக ஒரு விளக்கைக்கூட யாரும் அணைப்பதில்லை. இருட்டை உண்டாக்குவது நடிகர்களின் உடல்.

சீன ஓப்பராவைப் பற்றி நம்மிடையே உலவும் பேச்சில் இந்த விஷயம் மட்டும் அநேகமாக வருவதே இல்லை. முகமூடி போட்டுக்கொண்டு கீச்சுக்குரலில் பாடுவார்கள், நொடிக்கு நொடி முகத்தை மாற்றிக்காட்டுவார்கள், ஐயாயிரம் ஆண்டுப் பழமையானது என்பார்கள். இவற்றில் சில அரைகுறை உண்மை, சில முழுத் தவறு. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் சலித்துப்போகும். அந்தச் சலிப்புக்குக் கலை காரணமில்லை. அதைப் பார்க்கும் வழியை யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் காரணம். அந்த வழியை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

## பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

‘ஓப்பரா’ ஐரோப்பியர்கள் ஒட்டிய பெயர். பாட்டும் கதையும் மேடையில் சேர்ந்து வந்ததைப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த சொல்லால் அழைத்தார்கள். ஐரோப்பிய ஓப்பராவில் இசையமைப்பாளர் முதலில் வருகிறார், பாட்டு எல்லாவற்றையும் ஆள்கிறது. சீனத்தில் இதன் பெயர் ‘ஷிச்சு’. ‘ஷி’ என்றால் நாடகம், விளையாட்டு என்றும் பொருள் உண்டு. ‘ச்சு’ என்றால் மெட்டு. பாட்டாலும் ஆட்டத்தாலும் கதையை நடித்துக்காட்டுவதே இது என்று அறிஞர் வாங் குவோவெய் (1877–1927) சுருக்கமாகச் சொன்னார். இன்றுவரை அதைவிடத் தெளிவான விளக்கம் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஷிச்சு நடிகர் நான்கு திறன்களில் தேற வேண்டும்: பாட்டு, வசனம், அபிநயம், சண்டை. இந்த நான்கும் ஒரே உடலில் சேர்ந்திருக்க வேண்டும். பாடுபவர் ஒருவர், ஆடுபவர் வேறொருவர் என்ற பிரிவினை கிடையாது. நாடகத்துக்கு நாடகம் நான்கின் அளவு மாறும். ‘முச்சந்தி’யில் அநேகமாக முழுக்கச் சண்டை, பாட்டு மிகக் குறைவு. அதையும் ‘ஓப்பரா’ என்றால் அந்தப் பெயர் எவ்வளவு பொருந்தாதது என்று தெரியும்.

இன்னொரு குழப்பம், சீன ஓப்பரா ஒன்றுதான் என்ற எண்ணம். உண்மையில் முந்நூறுக்கும் மேற்பட்ட வட்டார வகைகள் இருக்கின்றன. வட்டாரத்தின் பேச்சுமொழி எதுவோ, அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்து மெட்டு பிறக்கிறது. ஆகவே மொழி மாறினால் இசை மாறும், இசை மாறினால் வகை மாறும். பெய்ஜிங்கின் பீக்கிங் ஓப்பரா, சூச்சோ நகரத்துப் பக்கத்தின் குன்ச்சு, குவாங்டாங்கின் கன்டனீஸ் ஓப்பரா, சிச்சுவான் ஓப்பரா என்று ஒவ்வொன்றும் தனித்தனி. நொடிக்கு நொடி முகம் மாற்றும் வித்தை சிச்சுவான் ஓப்பராவுக்கு உரியது. அதைப் பீக்கிங் ஓப்பராவில் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அங்கே முகத்தில் இருப்பது முகமூடியும் இல்லை, நேராகத் தோலின்மேல் தீட்டிய வண்ணம். முகமூடி அணிவது திபெத்திய ஓப்பரா போன்ற வேறு சில மரபுகளில்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்கள் ‘வாயாங்’ என்று கேட்டிருப்பார்கள். மலாய்ச் சொல் அது. சீனர்களின் ஏழாம் மாதத்தில், ஆவிகளுக்குப் படையல் போடும் நாட்களில், தெருவோரத்திலும் கோயில் முன்பும் கொட்டகை போட்டு ஆடுவார்கள். பெரும்பாலும் தியோசூ, ஹொக்கியன், கன்டனீஸ் வகைகள். அதைப் பார்த்தவர்கள் ‘பீக்கிங் ஓப்பரா பார்த்தேன்’ என்று சொல்வதுண்டு. மொழியே வேறு, மெட்டும் வேறு.

சுருக்கிப் பார்த்தால்: ஷிச்சு என்பது பாட்டு, வசனம், அபிநயம், சண்டை நான்கும் சேர்ந்த கதைக்கூத்து. அதில் பல நூறு வகை உண்டு. இனி வரும் உதாரணங்களில் பெரும்பாலானவை பீக்கிங் ஓப்பராவிலிருந்து வருபவை. அடிப்படை மற்ற வகைகளுக்கும் பொதுவானது.

## குச்சியைக் குதிரையாக்குவது

ஒரு சிறுவன் கால்களுக்கிடையே குச்சியை வைத்துக்கொண்டு முற்றத்தில் ஓடுகிறான். அது குதிரை என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கிற பாட்டிக்கும் தெரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். குச்சி குதிரைபோல் இருப்பதாலா தெரிகிறது? அவன் ஓடும் விதத்தில்தான் குதிரை இருக்கிறது.

சீன மேடையின் அடித்தளம் இதுதான். ஒரே வேறுபாடு: சிறுவனின் குதிரை அவன் அந்த நேரத்தில் நினைத்தது. மேடைக்குதிரை தலைமுறை தலைமுறையாக நடிகர்கள் செதுக்கி, பெயரிட்டு, மாணவருக்குக் கடத்திய ஒன்று. இப்படி நிலைபெற்றுவிட்ட நடிப்பு வடிவத்துக்குச் ‘செங்ஷி’ என்று பெயர். வாய்ப்பாடு என்று தமிழில் சொல்லலாம். ஏறுவது, இறங்குவது, அழுவது, கதவு திறப்பது, குடிப்பது எல்லாவற்றுக்கும் செங்ஷி உண்டு. மேடையில் உண்மையான பொருள் இல்லாதபோதும் அது இருப்பதாக நம்பவைக்கும் கருவி அது.

குதிரைக்குக் குஞ்சங்கள் கட்டிய ஒரு சவுக்குப் போதும். சவுக்கைப் பிடித்து ஒரு காலைத் தூக்கிச் சுழன்றால் ஏறியாயிற்று. சவுக்கைத் தாழ்த்திப் பிடித்தால் குதிரையை நடத்திப்போகிறார். பணியாளிடம் கொடுத்துவிட்டால் குதிரை லாயத்துக்குப் போய்விட்டது. சவுக்கின் நிறமே குதிரையின் நிறம். தளபதி குவான் யூவின் புகழ்பெற்ற செங்குதிரைக்குச் சிவப்புச் சவுக்கு.

கதவுக்கு அதுகூட வேண்டாம். நடிகை தாழ்ப்பாளை நீக்குகிறாள், இரண்டு கதவுகளையும் உள்ளே இழுக்கிறாள், பிறகு காலை உயர்த்தி வெளியே வைக்கிறாள். பழைய சீன வீடுகளில் வாசற்படி உயரமானது, அதனால்தான் அந்தக் கால் தூக்கல். இங்கே ஒரு கண்டிப்பு உண்டு. அடுத்து வருபவர் அதே இடத்தில்தான் காலைத் தூக்க வேண்டும். ஒரு முழம் தள்ளி நுழைந்தால் சுவருக்குள் நடந்ததாக ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதால் எப்படியும் நடிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. தெரியாத பொருளுக்குத்தான் கட்டுப்பாடு அதிகம்.

இதன் உச்சத்தைக் காண ‘இலையுதிர்கால ஆறு’ என்ற சிறு நாடகத்தைப் பார்க்க வேண்டும். சிச்சுவானில் புகழ்பெற்று, பீக்கிங் ஓப்பராவுக்கும் வந்தது. காதலனைத் தேடிப் போகும் ஓர் இளம் பெண்துறவி, அவளைப் படகில் ஏற்றிக்கொள்ளும் ஒரு கிழவர். மேடையில் படகு இல்லை, நீர் இல்லை. கிழவர் கையில் ஒரு துடுப்பு, அவ்வளவுதான். அவள் கரையிலிருந்து படகின் ஒரு முனையில் காலை வைக்கிறாள், மறுமுனையில் நிற்கும் கிழவர் உயர்கிறார். அவர் முழங்கால் மடங்கித் தாழ, அவள் எழுகிறாள். தராசுத் தட்டுகள்போல இருவரும் மாறி மாறி ஏறி இறங்கும்போது அவர்களுக்கிடையே ஒரு பலகை கிடப்பதையும், அதற்கடியில் நீர் அசைவதையும் நாம் பார்த்துவிடுகிறோம். நீரோட்டத்தில் படகு சுழல்கிற இடத்தில் இருவரும் ஒரே அச்சில் வட்டமாக நகர்வார்கள். பார்ப்பவருக்கே கொஞ்சம் தலை சுற்றும். நான் பார்த்த எந்தத் திரைப்பட ஆறும் இந்த அளவுக்கு ஈரமாக இருந்ததில்லை.

மேசையும் நாற்காலியும் மட்டும்தான் வழக்கமான மேடைப்பொருள்கள். ஒரு மேசை, இரு நாற்காலி. மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டால் அரசவை அல்லது வழக்காடும் இடம், முன்னால் போட்டால் வீட்டுக்கூடம். மேசைமேல் ஏறி நின்றால் குன்று, படுத்தால் கட்டில். செங்கல் வரைந்த துணியை இரண்டு கம்பங்களில் பிடித்தால் கோட்டை மதில். நான்கு வீரர் ஒரே சீருடையில் வரிசையாக வந்தால் அது படை. மேடையைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தால் நெடும் பயணம். நடிகர்களிடையே ஒரு பழைய ஈரடி உண்டு: நாலைந்து எட்டில் உலகம் முழுதும், ஏழெட்டுப் பேரில் பத்து லட்சம் படை.

ஊர் ஊராகப் போகும் குழு வண்டி நிறையத் திரைச்சீலைகளைச் சுமந்து செல்ல முடியாது என்பதால் இப்படி வந்தது என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் வறுமைதான் காரணம் என்று முடித்துவிடலாகாது. பெய்ஜிங் கோடைக்கால அரண்மனையில், நாடகப் பித்துக்கொண்ட பேரரசித் தாய் சிஷி பார்ப்பதற்கென்று கட்டிய மூன்றடுக்கு மேடை இன்றும் நிற்கிறது. தளங்களுக்கிடையே திறப்புகள், அடியில் கிணறுகள், தேவர்கள் மேலிருந்து இறங்கவும் பூதங்கள் கீழிருந்து எழவும் வசதிகள். பணமும் பொறிகளும் இருந்த அந்தக் காலத்திலும் குதிரை சவுக்காகவே இருந்தது. தேவைக்காகப் பிறந்தது, பிறகு அழகாக நிலைத்துவிட்டது.

இதுவரை பார்த்தது: இடத்தையும் பொருளையும் நடிகரின் உடல் உண்டாக்குகிறது. அதற்கான நிலைபெற்ற வடிவங்கள் செங்ஷி. அவற்றை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் பார்வையாளருக்கு இல்லை. பெரும்பாலானவை பார்த்தாலே புரியும்.

## வேடங்கள்: ஆள் வந்ததும் ஆளைத் தெரியும்

கதைமாந்தர்கள் நான்கு வகைக்குள் அடங்குகிறார்கள். ஆண் வேடம் ‘ஷெங்’, பெண் வேடம் ‘டான்’, முகத்தில் வண்ணம் தீட்டிய ஆண் ‘ஜிங்’, மூக்கின்மேல் சிறு வெள்ளைத் திட்டோடு வரும் நகைச்சுவை வேடம் ‘சௌ’. இவை ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவு உண்டு: தாடி வைத்த மூத்தவர், இளைஞர், போர்வீரர், குலப்பெண், துடுக்குப் பெண், வாளேந்தும் பெண், கிழவி. நடிகர் சிறுவயதிலேயே ஒரு வகைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வாழ்நாள் முழுவதும் அதிலேயே இருப்பது வழக்கம். குரல், நடை, விரல் நிலை, சிரிப்பு எல்லாமே வகைக்கு வகை மாறும். குலப்பெண் நடந்தால் பாவாடை அசையாமல் மிதப்பதுபோல் இருக்கும். ஜிங் ஒருவர் வந்தால் தோள்கள் அகன்று மேடையே குறுகிப்போகும்.

ஜிங் முகத்தில் தீட்டும் கோலத்துக்கு ‘லியன்பு’ என்று பெயர். சிவப்பு விசுவாசம், வெள்ளை வஞ்சகம், கறுப்பு நேர்மை என்று ஒரு பட்டியல் எங்கும் சுற்றுகிறது. அது தவறில்லை, ஆனால் அதோடு நின்றால் பாதிதான் கிடைக்கும். ஒவ்வொரு லியன்புவும் ஒரு குறிப்பிட்ட மனிதருக்குச் சொந்தமானது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நீதிமான் பாவ் செங் கரிய முகத்தில், நெற்றி நடுவே வெள்ளைப் பிறையோடு வருவார். அந்தப் பிறையைக் கண்டதும் கடைசி வரிசைக் குழந்தைக்கும் அவர் யாரென்று தெரியும். சாவ் சாவுக்கு வெள்ளை முகம். வரலாற்றில் அவர் ஆற்றல்மிக்க ஆட்சியாளர், நல்ல கவிஞரும்கூட. மேடை அவரைச் சூழ்ச்சிக்காரராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. ஆக, லியன்பு வரலாறு சொல்வதில்லை, மக்கள் சொன்ன தீர்ப்பைச் சொல்கிறது.

உடை பெரும்பாலும் மிங் காலத்து (1368–1644) பாணியை அடியொற்றியது. கதை கி.மு. நடந்தாலும் அதே உடைதான். காலம் காட்டுவது உடையின் வேலையாக இருக்கவில்லை, பதவியும் குணமும் காட்டுவதுதான் அதன் வேலை. முதுகில் நான்கு முக்கோணக் கொடிகள் விரிந்தால் போர்க்கவசம் தரித்த தளபதி. சட்டைக் கையின் முனையில் தொங்கும் நீண்ட வெண்பட்டு ‘நீர்க்கை’ எனப்படும். அதை வீசுவது, சுருட்டுவது, முகத்தருகே உயர்த்துவது எல்லாமே பேச்சு. கண்ணீரைத் துடைக்க நீர்க்கை உயர்ந்தால் போதும், கண்ணில் நீர் வர வேண்டியதில்லை. கிழிந்ததை உடுத்தினாலும் உடுத்து, தவறானதை உடுத்தாதே என்பது திரைக்குப் பின்னால் சொல்லும் கட்டளை.

## காது பழகும் வரை

முதல்முறை கேட்பவரைத் துரத்துவது ஓசைதான். சேகண்டியும் ஜாலராவும் திடீரென்று அதிரும், பாட்டு உச்சக்குரலில் நீளும். இந்த இசை வளர்ந்தது கோயில் வெளியிலும், சந்தையிலும், தேநீர் குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவிலும். கூர்மையான ஓசைதான் அந்த இரைச்சலை ஊடுருவும். பழைய பெய்ஜிங் ரசிகர்கள் நாடகம் ‘பார்க்கப்’ போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், ‘கேட்கப்’ போகிறேன் என்பார்கள்.

தாளக்கருவிகளை வெறும் சத்தம் என்று தள்ளிவிடாமல் கவனித்தால் மேடை திறந்துகொள்ளும். முழுக் குழுவையும் நடத்துபவர் ஒரு சிறு முரசுக்காரர். ஒரு கையில் மரச்சிப்ளாக்கட்டை, மறுகையில் குச்சி. நடிகரின் கண் அசைவைப் பார்த்து அவர் அடிக்கிறார், அவரைப் பார்த்து மற்றவர்கள். பெரிய சேகண்டியின் ஓசை அடித்தபின் கீழே இறங்கும், சிறியதின் ஓசை மேலே ஏறும். தளபதி வந்தால் பெரியது, பெண்ணோ கோமாளியோ வந்தால் சிறியது. ஒவ்வொரு தாள அமைப்புக்கும் வாயால் சொல்லும் சொற்கட்டு உண்டு, அதை மனப்பாடம் செய்துதான் கற்கிறார்கள். தளபதி சட்டென்று நின்று, தலையைத் திருப்பி, உறைந்து நிற்கும் நொடியில் சேகண்டி விழுகிறதே, அது மேடையில் முற்றுப்புள்ளி வைக்கிற மாதிரி.

பாட்டைத் தாங்குவது ‘ஜிங்ஹூ’ என்ற சிறு மூங்கில் கருவி. இரண்டு தந்தி, பாம்புத்தோல் போர்த்த முகப்பு, வில்லால் இழுப்பது. பீக்கிங் ஓப்பராவின் பெரும்பாலான பாடல்கள் இரண்டு மெட்டுக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ‘ஷிபி’ துடிப்பும் தெளிவும் உள்ளது. ‘அர்ஹுவாங்’ ஆழ்ந்தது, துயரத்துக்கும் சிந்தனைக்கும் ஏற்றது. ஒவ்வொரு நாடகத்துக்கும் புது மெட்டு எழுதும் இசையமைப்பாளர் மரபில் கிடையாது. ஒரே அடிப்படை மெட்டை இழுத்து, சுருக்கி, நடையை மாற்றி, நடிகரும் ஜிங்ஹூ வாசிப்பவரும் அந்தக் காட்சிக்குரியதாக ஆக்கிக்கொள்கிறார்கள். மாவு ஒன்று, வார்க்கும் விதத்தில் தோசையும் ஊத்தப்பமும் பணியாரமும் வேறாவதைப் போல.

அந்த நடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘யாவ்பான்’. கருவிகள் பதறிக்கொண்டு விரைந்து ஓடும், அதன்மேல் பாட்டு மட்டும் தாளத்துக்குக் கட்டுப்படாமல் நிதானமாக நீளும். உள்ளே நெஞ்சு அடித்துக்கொள்ள, வெளியே அடக்கிக்கொண்டு பேசுகிற ஒருவரை இதைவிடச் சரியாக இசையில் காட்ட முடியுமா என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

பெண் வேடக்குரலும் இளைஞர் வேடக்குரலும் செயற்கையாக இருக்கிறது என்பது பொதுவான குறை. செயற்கைதான். கதவு எப்படி உண்மையான கதவு இல்லையோ அப்படியே குரலும் உண்மையான பேச்சுக்குரல் இல்லை, அதுவும் ஒரு செங்ஷி. வசனத்தில்கூட உயர்குடியினர் பேசுவது பழைய உச்சரிப்புக் கலந்த மேடைமொழி. பெய்ஜிங்காரருக்கே முழுக்கப் புரியாது. அதனால் இன்றைய அரங்குகளில் மேடை ஓரத்திலுள்ள திரையில் பாட்டுவரி ஓடும். மொழி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்று நாம் கூச வேண்டியதில்லை.

ஆக, முகம், உடை, குரல், தாளம் எல்லாம் ஒரே கொள்கையில் நிற்கின்றன. வாழ்க்கையை அப்படியே நகல் எடுப்பதில்லை, வாழ்க்கையிலிருந்து வடிவம் எடுத்துக்கொள்கின்றன.

## வரலாறு: பழையது, ஆனால் அவ்வளவு பழையதில்லை

தாங் வம்சப் பேரரசர் ஷுவான்ஸோங் 8ஆம் நூற்றாண்டில் அரண்மனைப் பேரித்தோட்டத்தில் இசைக்கும் ஆடலுக்கும் பயிற்சி வைத்தார். ஓப்பரா நடிகர்கள் இன்றும் தங்களைப் ‘பேரித்தோட்டத்துப் பிள்ளைகள்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அது வேர் மட்டுமே. முழு நீள நாடகம் 12ஆம் நூற்றாண்டில் தெற்குக் கடலோர நகரமான வென்சோவில் உருவெடுத்தது.

மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில் (1271–1368) வடக்கில் நாடகம் பொங்கி எழுந்தது. அரசுப் பணித் தேர்வு பல்லாண்டுகள் நின்றுபோனதால் படித்தவர்கள் மேடைக்கு எழுதத் தொடங்கினார்கள் என்று அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். குவான் ஹான்ச்சிங் எழுதிய ‘டோ அவுக்கு நேர்ந்த அநீதி’யில், பொய்ப் பழியில் தலை வெட்டப்படும் இளம் விதவை சாகுமுன், தான் குற்றமற்றவள் என்றால் கோடையில் பனி பெய்யட்டும் என்கிறாள். பனி பெய்கிறது. ஷான்ஷி மாகாணத்தில் ஹோங்டோங் அருகே ஒரு கோயில் சுவரில் 1324ஆம் ஆண்டு தேதியிட்ட ஓவியம் இருக்கிறது. ஒரு நாடகக் குழு வேடத்தோடு வரிசையாக நிற்கிறது, நடுவில் நிற்பவர் அதிகாரி வேடமிட்ட பெண் என்று கருதுகிறார்கள். பெண்கள் மேடையில் இருந்தார்கள் என்பதற்குச் சுவரே சாட்சி.

16ஆம் நூற்றாண்டில் குன்ஷான் வட்டார மெட்டை வெய் லியாங்ஃபு என்ற பாடகரும் அவர் நண்பர்களும் மெருகேற்றினார்கள். அதிலிருந்து குன்ச்சு வளர்ந்தது. நீர்விட்டு அரைத்த மாவுபோல மென்மையானது என்று அதன் மெட்டுக்கு ‘நீரரைவை’ என்றே பெயர் வைத்தார்கள். 1598இல் தாங் ஷியான்சு எழுதிய ‘பியோனி மண்டபம்’ 55 காட்சிகள் கொண்டது, இன்றும் குன்ச்சுவின் உயிர் அதுதான். அறிஞர் வீடுகளில் வளர்ந்த குன்ச்சு மெல்ல மெல்ல மக்களிடமிருந்து விலகிப்போனது.

பீக்கிங் ஓப்பராவின் கதை அதற்குப் பிறகே. 1790இல் ச்சியான்லோங் பேரரசரின் எண்பதாவது பிறந்தநாளையொட்டி அன்ஹுய் மாகாணக் குழு ஒன்று தலைநகருக்கு வந்தது, மேலும் சில குழுக்கள் தொடர்ந்தன. அவர்கள் கொண்டுவந்தது அர்ஹுவாங். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹுபெய் நடிகர்கள் ஷிபியைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் கலந்து, குன்ச்சுவிடமிருந்து நிறையக் கடன் வாங்கி, அந்த நூற்றாண்டின் நடுவில் பீக்கிங் ஓப்பரா முழு உருவம் பெற்றது. அதாவது அதன் வயது இருநூறு ஆண்டைச் சுற்றித்தான். 1905இல் பெய்ஜிங்கில் ஒரு புகைப்பட நிலையம் எடுத்த முதல் சீனத் திரைப்படமே ‘தான் ஷின்பெய்’ என்ற பெயருடைய ஓப்பரா நடிகரைப் படம்பிடித்ததுதான்.

அப்போது ஆண்ட சிங் வம்ச அரசு பெண்களை மேடையிலிருந்து விலக்கியதால் ஆண்களே பெண் வேடமிட்டார்கள். அந்த மரபின் உச்சம் மெய் லான்ஃபாங் (1894–1961). பெண்களும் 20ஆம் நூற்றாண்டில் மேடைக்குத் திரும்பினார்கள். ஷாங்ஹாயில் ஆண் வேடத்தையும் பெண்களே ஏற்கும் ஷாவ்ஷிங் ஓப்பரா 1930களில் ஓங்கியது. மெய் 1930இல் அமெரிக்காவிலும் 1935இல் சோவியத் ஒன்றியத்திலும் ஆடினார். மாஸ்கோவில் அவரைப் பார்த்த ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், நடிகர் தன் பாத்திரத்திலிருந்து விலகி நின்று அதைக் காட்டும் முறை பற்றித் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது மெய் மீசை வளர்த்துக்கொண்டார். மீசை வைத்தவர் பெண் வேடம் போட முடியாது. அவரை ஆடவைக்க வந்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அந்த மீசை. 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் மழித்தார்.

இந்தக் கலை அரசியலுக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதற்கு ஒரு நாடகமே சாட்சி. வரலாற்றாசிரியரும் பெய்ஜிங் துணைமேயருமான வூ ஹான் எழுதி 1961இல் மேடையேறிய பீக்கிங் ஓப்பரா, பேரரசரைத் துணிந்து கண்டித்த மிங் அதிகாரி ஹாய் ருய் பதவியிழந்த கதை. 1965 நவம்பரில் ஷாங்ஹாய் நாளிதழில் அதைத் தாக்கி வந்த கட்டுரைதான் மாவோ தொடங்கிய பண்பாட்டுப் புரட்சிக்கு (1966–76) திரி கொளுத்தியது. வூ ஹான் 1969இல் சிறையில் இறந்தார். அந்தப் பத்தாண்டில் பழைய நாடகங்கள் தடைசெய்யப்பட்டு, ‘முன்மாதிரி நாடகங்கள்’ மட்டும் ஓடின. தீட்டிய முகமும் நீர்க்கையும் போயின, பின்னணிக் காட்சிகளும் மேற்கத்திய வாத்தியங்களும் வந்தன. அப்படியும் ‘புலிமலை’ நாடகத்தின் கம்யூனிஸ்ட் வீரர் பனிக்காட்டில் குதிரை ஓட்டியது சவுக்கால்தான். செங்ஷியைக் கைவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பழைய நாடகங்கள் 1970களின் இறுதியில் திரும்பின. யுனெஸ்கோவின் அங்கீகாரம் 2001இல் குன்ச்சுவுக்கும், 2009இல் கன்டனீஸ் ஓப்பராவுக்கும், 2010இல் பீக்கிங் ஓப்பராவுக்கும் கிடைத்தது.

காலவரிசையை ஒரு மூச்சில் சொன்னால்: 12ஆம் நூற்றாண்டில் தெற்கில் நாடகம், பிறகு யுவான் காலத்து வடக்கு நாடகம், 16ஆம் நூற்றாண்டில் குன்ச்சு, 1790க்குப் பின் பீக்கிங் ஓப்பரா.

## முதலில் எதைப் பார்ப்பது

நான் சொல்வது ‘முச்சந்தி’யையே. பாட்டு குறைவு, கதை சிறியது, இருட்டு எப்படி உண்டாகிறது என்பது கண்முன்னே தெரியும். அடுத்து ‘இலையுதிர்கால ஆறு’.

அதற்குப் பின் ‘வெற்றுக்கோட்டை’. ஜூகே லியாங் என்ற தந்திரசாலி, படையில்லாத கோட்டையின் கதவுகளைத் திறந்துவைத்துவிட்டு, மதில்மேல் அமர்ந்து யாழ்போன்ற நரம்புக்கருவியை மீட்டுகிறார். எதிரிப் படை உள்ளே பொறி இருக்குமென்று அஞ்சித் திரும்பிப் போகிறது. மேடையில் துணிமதில், அதற்குமேல் ஒரு மனிதர், மெதுநடை ஷிபி. அந்த மெதுநடையே பொய். அவர் உள்ளங்கை வியர்த்திருக்கும் என்று தெரிந்துகொண்டு கேட்டால் ஒவ்வொரு இழுப்பும் வேறு மாதிரிக் கேட்கும். 1922இல் மெய் லான்ஃபாங் ஆடிப் புகழ்பெற்ற ‘அரசரும் காதலியும் பிரிதல்’ நாடகத்தின் வாள்நடனத்தை நான்காவதாக வைத்துக்கொள்ளலாம். நல்ல இடம் வந்தால் சீன ரசிகர்கள் பாட்டின் நடுவிலேயே ‘ஹாவ்!’ என்று கத்துவார்கள். ‘பேஷ்’ என்பதுதான் பொருள். இடம் பார்த்துக் கத்தத் தெரிந்துவிட்டால் நீங்கள் பாதி ரசிகர்.

குன்ச்சுவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘பியோனி மண்டபம்’ முழுவதும் வேண்டாம், தோட்டக் காட்சி ஒன்று போதும். டூ லீனியாங் என்ற பதினாறு வயதுப் பெண் வீட்டாருக்குத் தெரியாமல் பின்தோட்டத்துக்கு முதல்முறை வருகிறாள், கூடவே பணிப்பெண். குழலிசை மிக மெல்ல நகர்கிறது. மேடையில் ஒரு பூ இல்லை, ஒரு செடி இல்லை. அவள் விசிறியைப் பாதி விரித்து, கண்ணை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறாள். பணிப்பெண் அதே திசையில் பார்க்கிறாள். இத்தனை ஊதாவும் சிவப்பும் பூத்து, பார்க்க ஆளில்லாமல் இடிந்த சுவருக்கும் பாழ்கிணற்றுக்குமா போயிற்று என்று அவள் பாடுகிறாள். அந்த வரி வரும்போது அவள் பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள்.